மழையைக் குடிக்கும் வாசல்

மலை மேல் ஓர் ஊர். பெயர் கம்பம்மெட்டு.

ஊரின் ஒரு பக்கம் கேரளம். இடுக்கி மாவட்டம், கருணாபுரம் பஞ்சாயத்து. மறு பக்கம் தமிழ்நாடு. தேனி மாவட்டம். கீழே கம்பம் பள்ளத்தாக்கு. காலையில் கம்பத்திலிருந்து ஜீப்புகள் மலை ஏறும். ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களும் ஆண்களும் வருவார்கள். மாலையில் அதே ஜீப்புகள் இறங்கும்.

மழைக்கும் இங்கே இரண்டு வழி உண்டு. மலையின் மேற்கே விழும் மழை பெரியாற்றை நோக்கி ஓடும். கிழக்கே விழும் மழை கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கும். கடைசியில் வைகையில் சேரும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழைக்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு மழைக்காலம். இதைத் துலாவர்ஷம் என்பார்கள். இவ்வளவு மழை பெய்கிற மலையில் கோடையில் தண்ணீர்ப் பஞ்சமும் வருகிறது. மார்ச், ஏப்ரலில் பல வீடுகளில் கிணறு வற்றி விடுகிறது. தண்ணீரை வண்டியில் கொண்டுவந்து விலைக்கு விற்கிறார்கள்.

பெய்த மழை எங்கே போனது? இந்தப் பாடம் அதைப் பற்றியது. அதற்கும் நம் வீட்டு வாசலுக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்போம்.

ஒரு வீடு

கம்பம்மெட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, வயதான தாய். கொஞ்சம் ஏலம், கொஞ்சம் மிளகு. வீட்டுக்கு முன்னால் 2 சென்ட் வாசல். வாசலின் ஓரத்தில் 5 அடி உயர மண்திட்டு. திட்டுக்குக் கீழே இன்னொரு வீடு. கிணறு அந்தக் கீழ் வீட்டில் இருக்கிறது. இரண்டு வீடும் சேர்ந்து வெட்டிய கிணறு அது.

ஏப்ரல் மாதம். கொத்தனார் வந்திருந்தார்.

“அண்ணே, வாசல் முழுக்க காங்கிரீட் போட்டுடுங்க. மழைக்காலத்துல ஒரே சேறு. ஜீப்பு சறுக்குது. மிளகு காயப்போட இடமில்லை” என்றார் கணவர்.

கீழ் வீட்டுச் சேச்சி திட்டின் ஓரமாக ஏறி வந்தார்.

“அண்ணா, காங்கிரீட் போட்டா தண்ணி எல்லாம் எங்க வீட்டுக்கு வரும். போன வருஷம் மேல ஒரு வாசலுக்கு சிமெண்ட் போட்டாங்க. தண்ணி எங்க அடுக்களை வரைக்கும் வந்துச்சு” என்றார்.

கணவருக்குக் கோபம் வந்தது. “என் வாசல்ல நான் காங்கிரீட் போடக் கூடாதா?” என்றார்.

அதுவரை பேசாமல் இருந்த மனைவி சொன்னார். “ஏங்க, கோபப்படாதீங்க. போன மாசம் நாமளும் தண்ணி காசு கொடுத்துத்தானே வாங்கினோம்? கிணறு அவங்க வீட்டுல இருக்கு. ஆனா அந்தக் கிணத்துக்குத் தண்ணி நம்ம வாசல்ல இருந்துதானே இறங்குது?”

யாரும் பேசவில்லை. கொத்தனார் அளவு நாடாவைக் கையில் எடுத்தார்.

வாசல் கணக்கு

“முதல்ல கணக்குப் பார்ப்போம்” என்றார் கொத்தனார்.

1 சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கணக்கும் போடலாம்.

1 சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். 2 சென்ட் வாசல் என்றால் 80 சதுர மீட்டர். ஒரு நாள் 5 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. 5 சென்டிமீட்டர் என்றால் 50 மில்லிமீட்டர்.

80 × 50 = 4000.

ஒரே நாளில் 4000 லிட்டர். 200 லிட்டர் டிரம்மில் பிடித்தால் 20 டிரம் வரும்.

வாசலில் காங்கிரீட் போட்டால் இந்த 20 டிரம் தண்ணீரும் திட்டைத் தாண்டி ஓடும். ஓடும் போது மண்ணையும் அரித்துக்கொண்டு போகும். மண் வாசல் என்றால் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும். இறங்கிய நீர் மெதுவாகக் கீழே கசியும். கிணற்று ஊற்றுக்கு அந்த நீர்தான் வேண்டும்.

“ஒரு வாசல் தண்ணியில கிணறு நிரம்பிடுமாப்பா?” என்று கேட்டார் தாய்.

“நிரம்பாது அம்மா. மண்ணுக்குள்ள போற தண்ணி எல்லாம் நம்ம கிணத்துக்கே வரும்னும் சொல்ல முடியாது. ஆனா மலையில இருக்கிற எல்லா வாசலையும் மூடிட்டா ஊத்துக்குத் தண்ணி எங்கிருந்து வரும்?”

மண்ணைச் சோதிப்போம்

எல்லா மண்ணும் ஒரே மாதிரி தண்ணீர் குடிக்காது. அதனால் முதலில் சோதிக்க வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

வாசலில் 1 அடி அகலம், 1 அடி ஆழத்தில் ஒரு குழி வெட்ட வேண்டும். அதில் தண்ணீர் நிரப்ப வேண்டும். அது முழுவதும் வற்றட்டும். மறுபடியும் நிரப்ப வேண்டும். இப்போது ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் மட்டத்தில் அடையாளம் வைக்க வேண்டும். 1 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் 1 அங்குலமோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் நல்ல மண். கொஞ்சமும் இறங்காமல் அப்படியே நின்றால் அது களிமண். களிமண் தரையில் கல் பதித்தாலும் தண்ணீர் உள்ளே போகாது. அங்கே வடிகால்தான் வேண்டும்.

அந்த வீட்டு வாசலில் 1 மணி நேரத்தில் 3 அங்குலம் இறங்கியது. தாய் குழியைப் பார்த்துச் சிரித்தார். “நம்ம மண்ணுக்கு நல்ல தாகம்” என்றார்.

எந்தத் தரை நல்லது?

சேறும் இருக்கக் கூடாது. தண்ணீரும் மண்ணுக்குள் போக வேண்டும். அப்படிப்பட்ட தரைகள் சில உண்டு. ஒவ்வொன்றிலும் நல்லதும் உண்டு, குறையும் உண்டு.

புல் தரை: செலவு மிகக் குறைவு. தண்ணீரை நன்றாக உறிஞ்சும். ஆனால் தினமும் ஜீப் ஏறினால் புல் செத்துவிடும். மண் இறுகிவிடும். வண்டி போகாத இடத்துக்கு இது போதும்.

ஜல்லித் தரை: மண் மேல் ஜல்லியைப் பரப்புவது. செலவு குறைவு. நம் கையாலேயே செய்யலாம். மட்டமான இடத்துக்கு நல்லது. சரிவில் போட்டால் முதல் பெருமழையில் ஜல்லி உருண்டு போய்விடும். ஓரத்தில் கல் நட்டுத் தடுக்க வேண்டும்.

இடைவெளி விட்ட கருங்கல்: பட்டையான கருங்கற்களை அடுத்தடுத்துப் பதிப்பது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே 1 அங்குலம் விட வேண்டும். அதில் சின்ன ஜல்லியோ புல்லோ வைக்கலாம். பல ஆண்டு உழைக்கும். ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

ஓட்டைக் கல்: இது சிமெண்ட் கல். நடுவில் பெரிய ஓட்டைகள் இருக்கும். ஓட்டையில் மண் போட்டுப் புல் வளர்க்கலாம். ஜல்லியும் நிரப்பலாம். வண்டி ஏறினாலும் தாங்கும்.

இன்டர்லாக் கல்: இப்போது பல வீடுகளில் பதிக்கிறார்கள். கல்லுக்கு நடுவே கோடு இருப்பதால் தண்ணீர் உள்ளே போகும் என்று நினைக்கிறோம். கற்களை நெருக்கிப் பதித்து, கீழே பாறைத்தூளை இறுக்கினால் மிகக் குறைவாகவே போகும். கீழே காங்கிரீட் போட்டுவிட்டால் ஒரு சொட்டும் போகாது. இன்டர்லாக் கல்தான் வேண்டும் என்றால், அகலமான இடைவெளி வரும்படி செய்த கல்லைக் கேட்டு வாங்க வேண்டும். இடைவெளியில் மணல் போடாமல் சின்ன ஜல்லி போட வேண்டும்.

சல்லடைக் காங்கிரீட்: மணல் சேர்க்காமல், ஜல்லியும் சிமெண்டும் மட்டும் கலந்து போடுவது. உள்ளே சல்லடை போல் துளைகள் இருக்கும். தண்ணீர் வேகமாக இறங்கும். ஆனால் கலவை சரியாக வர, பழகிய கை வேண்டும். மேட்டிலிருந்து சேறு வந்தால் துளை அடைத்துவிடும். மழையில் மண் கரைந்து வரும் மலை ஊருக்கு இது அவ்வளவு பொருந்தாது.

இரண்டு பட்டைப் பாதை: ஜீப்பின் சக்கரம் இரண்டு கோட்டில்தானே ஓடுகிறது? அந்த இரண்டு கோட்டில் மட்டும் 2 அடி அகலத்தில் காங்கிரீட் போடலாம். நடுவிலும் பக்கத்திலும் புல் இருக்கட்டும். சிமெண்டும் மிச்சம், தண்ணீரும் மிச்சம்.

எப்படிப் பதிப்பது?

மேலே தெரியும் கல்லை விட, கீழே இருக்கும் அடுக்குதான் முக்கியம்.

முதலில் மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். அடிமண்ணை இடித்து இறுக்கக் கூடாது. இறுக்கினால் தண்ணீர் போகாது. அதன் மேல் ஒன்றரை அங்குல ஜல்லியைப் பரப்ப வேண்டும். வண்டி ஏறும் இடத்தில் 6 அங்குலத்துக்குக் குறையாமல் போட வேண்டும். ஆள் நடக்கும் இடத்துக்கு 4 அங்குலம் போதும். அதன் மேல் 2 அங்குலம் சின்ன ஜல்லி. அதன் மேல் கல்.

தரை முழுவதும் வீட்டிலிருந்து வெளியே சாய வேண்டும். 10 அடிக்கு 1 அங்குலம் சாய்வு போதும்.

இந்த வேலையில் மூன்று தவறு நடக்கும். கவனமாக இருக்க வேண்டும்.

ஒன்று: களை வராது என்று சொல்லி அடியில் பிளாஸ்டிக் தாள் விரிப்பது. தண்ணீரும் போகாது.

இரண்டு: வேலை முடிந்ததும் அழகுக்காக இடைவெளியில் சிமெண்ட் பூசுவது. பிறகு அது காங்கிரீட் தரைதான்.

மூன்று: வேலை முடிந்த பிறகு கவனிக்காமல் விடுவது. இடைவெளியில் மண்ணும் சருகும் சேரும். அடிக்கடி பெருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்னால், அடைத்த ஜல்லியைக் கிளறி எடுத்துப் புது ஜல்லி போட வேண்டும்.

எங்கே தண்ணீரை இறக்கக் கூடாது?

தண்ணீரை மண்ணுக்குள் விடுவது நல்லது. ஆனால் எல்லா இடத்திலும் நல்லது அல்ல. மலையில் வாழ்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2018 ஆகஸ்ட் மாதம் கேரளத்தில் பெருமழை பெய்தது. இடுக்கி மாவட்டத்தில் பல இடங்களில் நிலம் சரிந்தது. வீடுகள் போயின. உயிர்கள் போயின.

நிலம் ஏன் சரிகிறது? செங்குத்தான சரிவில் மண்ணுக்குள் அளவுக்கு மேல் தண்ணீர் போனால் மண் கனக்கும். மண்ணுக்கு இருக்கும் பிடிப்பு குறையும். வீடு கட்டவும் பாதை போடவும் மலையை வெட்டிய இடத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

அதனால் வெட்டிய திட்டின் ஓரத்தில் மழைக்குழி வெட்டக் கூடாது. தண்ணீர் இறங்கும் தரையும் போடக் கூடாது. திட்டு எவ்வளவு உயரமோ அதைப் போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளிப் போட வேண்டும். திட்டு மிக உயரமாக இருந்தாலும், தரையில் வெடிப்பு தெரிந்தாலும், பஞ்சாயத்துப் பொறியாளரிடம் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது. அங்கே தண்ணீரைச் சிமெண்ட் வாய்க்கால் வழியாக ஓடைக்குக் கொண்டுபோய் விடுவதே பாதுகாப்பு.

வீட்டுச் சுவரை ஒட்டியும் தண்ணீர் இறங்கக் கூடாது. அஸ்திவாரம் நனையும். சுவரிலிருந்து 3 அடிக்குச் சிமெண்ட் போட்டு வெளியே சாய்க்க வேண்டும். கக்கூஸ் குழி இருக்கும் பக்கமும் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. ஏலத்துக்கு மருந்து அடிக்கிறோம். வீட்டுக்கு வந்து, வாசலில் வைத்து மருந்து டப்பாவைக் கழுவுகிறோம். தண்ணீர் இறங்கும் வாசலில் மருந்தும் இறங்கும். கிணற்றுக்குப் போகும். ஜீப்பிலிருந்து ஒழுகும் எண்ணெயும் அப்படித்தான். மருந்து டப்பா கழுவிய தண்ணீரைத் தோட்டத்திலேயே செடிகளுக்குத் தெளித்துவிட வேண்டும். வாசலுக்குக் கொண்டுவரவே கூடாது.

மற்ற ஊர்களில்

மழையை மண்ணுக்குள் அனுப்பும் வேலை பல இடங்களில் நடக்கிறது.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்தில் 2008ஆம் ஆண்டு ‘மழப்பொலிமா’ என்ற திட்டம் தொடங்கியது. கூரையில் விழும் மழையைக் குழாய் வழியாக வடிகட்டிக் கிணற்றில் விடுவதுதான் அந்தத் திட்டம்.

சீனாவில் வெள்ளத்தால் நகரங்கள் துன்பப்பட்டன. 2015ஆம் ஆண்டு அந்த நாட்டு அரசு 16 நகரங்களைத் தேர்ந்தெடுத்தது. தண்ணீர் இறங்கும் நடைபாதை, குளம், புல்வெளி ஆகியவற்றை அங்கே அமைக்கத் தொடங்கியது. ‘பஞ்சு நகரம்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பஞ்சு தண்ணீரை உறிஞ்சும். நகரமும் அப்படி உறிஞ்ச வேண்டும் என்பது எண்ணம்.

நம் முன்னோரின் மண் வாசல் இதைத்தான் செய்துவந்தது.

அந்த வீட்டில் என்ன செய்தார்கள்?

கொத்தனார் ஒரு குச்சியால் தரையில் படம் வரைந்தார். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

“தம்பி, மிளகு காயப்போடக் களம் வேணும். அதை எங்க போடணும் தெரியுமா? இந்தத் திட்டு ஓரத்துல. திட்டு 5 அடி. அதனால 10 அடி அகலத்துக்கு இங்க தண்ணி இறங்கக் கூடாது. காங்கிரீட் களத்தை இங்க போட்டா ரெண்டு வேலையும் ஆச்சு. களத்தைத் திட்டுப் பக்கம் சாய்க்காம, வீட்டுப் பக்கம் சாய்ப்போம். களத்துக்கு உள்பக்கம் ஒரு சிமெண்ட் வாய்க்கால். அது பக்கத்து ஓடைக்குப் போகட்டும். திட்டு மேல ஒரு சொட்டுத் தண்ணி வழியாது.”

“ஜீப்புக்கு?” என்றார் கணவர்.

“ரெண்டு பட்டைப் பாதை. மிச்ச இடம் பூராவும் இடைவெளி விட்ட கருங்கல். ஏறக்குறைய 1 சென்ட் தண்ணி குடிக்கும். 5 சென்டிமீட்டர் மழைக்கு 10 டிரம். அதுக்கு மேல பெய்யற தண்ணி வாய்க்கால்ல போயிடும்.”

கணவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். “முழுசும் காங்கிரீட் போடறதை விட செலவு கூடுமா அண்ணே?”

“கல்லுக்குக் கூலி கொஞ்சம் கூடும். சிமெண்ட் குறையும். நீங்களும் தங்கச்சியும் ஜல்லி சுமந்தா ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போகும்.”

“நானும் வர்றேன். எங்க அடுக்களைக்குத் தண்ணி வராம இருந்தா ஜல்லி சுமக்க எனக்கு என்ன கஷ்டம்? கிணறு எனக்கும்தானே?” என்றார் சேச்சி.

மே மாதம் முடிவதற்குள் வேலை முடிந்தது. ஜூன் மாதம் மழை வந்தது. முதல் நாள் இரவு நல்ல மழை. காலையில் கணவர் குடை பிடித்துக்கொண்டு திட்டு ஓரம் போய் நின்றார். கீழே எட்டிப் பார்த்தார். சேச்சியின் அடுக்களைப் பக்கம் தண்ணீர் வரவில்லை. வாய்க்காலில் தெளிந்த தண்ணீர் ஓடியது. கல் இடுக்குகளில் தண்ணீர் சின்னச் சின்னக் குமிழி விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

“கோடையில கிணத்துல தண்ணி நிக்குமா?” என்று கேட்டார்.

“நம்ம ஒரு வாசல் போதாது” என்றார் மனைவி. “மேல இன்னும் ஒன்பது வீடு இருக்கு. ஞாயித்துக்கிழமை போய்ப் பேசலாம்.”

நினைவில் கொள்வோம்

• வாசல் முழுவதையும் காங்கிரீட்டால் மூட வேண்டாம். தேவையான இடத்தில் மட்டும் போடுவோம்.
• முதலில் மண்ணைச் சோதிப்போம். பிறகு தரையைத் தேர்ந்தெடுப்போம்.
• அடியில் பிளாஸ்டிக் வேண்டாம். இடைவெளியில் சிமெண்ட் வேண்டாம்.
• திட்டு ஓரத்தில், சுவர் ஓரத்தில், கக்கூஸ் குழி பக்கத்தில் தண்ணீரை இறக்க வேண்டாம்.
• மருந்து டப்பாவை வாசலில் கழுவ வேண்டாம்.

கணக்குப் போடுவோம்

ஒரு வாசலின் நீளம் 4 மீட்டர். அகலம் 3 மீட்டர். 2 சென்டிமீட்டர் மழை பெய்தது. வாசலில் எத்தனை லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கும்?

(உதவி: 4 × 3 = 12 சதுர மீட்டர். 2 சென்டிமீட்டர் = 20 மில்லிமீட்டர். 12 × 20 = ?)

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டு வாசலில் விழும் மழை எங்கே போகிறது? யார் வீட்டு வழியாகப் போகிறது?
2. மிளகுக் களத்தைத் திட்டு ஓரத்தில் போடச் சொன்னாரே கொத்தனார், ஏன்?
3. “என் வாசல்ல நான் காங்கிரீட் போடக் கூடாதா?” என்று கணவர் கேட்டார். அவருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?
4. உங்கள் தெருவில் எத்தனை வாசல் மண் வாசல்? எத்தனை காங்கிரீட் வாசல்? எண்ணி எழுதுங்கள்.